வகுப்பில் ஒரு டொச், வாசலில் இன்னொன்று

சூரிச்சில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த தமிழரை மேலாளர் 'ஹால்ப் ஆக்ட்' மணிக்கு வரச் சொல்கிறார். 'ஹால்ப்' அரை, 'ஆக்ட்' எட்டு. எட்டரை என்று கொண்டு போனால் ஒரு மணி நேரம் தாமதம். அவர் சொன்னது ஏழரை. தமிழ் கடந்த மணியோடு அரையைக் கூட்டுகிறது. டொச் எனப்படும் ஜெர்மன் மொழி வரப்போகும் மணியை நோக்கிப் பாதி வழியில் நிற்கிறது. புலம்பெயர்ந்தோரின் மொழிச் சிக்கல் என்றால் இத்தகைய தடுமாற்றங்களைத்தான் நாம் பெரிதாகப் பேசுகிறோம். இவை பாடநூலில் உள்ளவை. ஒரு முறை பட்டால் மறக்காது. பாடநூலுக்கு வெளியே கிடக்கும் வேறுபாடே வாழ்க்கையை நெருக்குகிறது என்பது என் வாதம்.

ஜெர்மன் பேசும் சுவிட்சர்லாந்தில் எழுத்துக்கு ஒரு மொழி, பேச்சுக்கு ஒரு மொழி. மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்கூசன் 1959இல் இரட்டை வழக்கு என்ற கருத்தை வரையறுத்தபோது அரபு, நவீன கிரேக்கம், ஹைத்தியக் கிரியோல் ஆகியவற்றோடு சுவிஸ் ஜெர்மனையும் முதன்மைச் சான்றாக எடுத்துக்கொண்டார். தமிழும் தம் வரையறைக்குப் பொருந்துவதாக அதே கட்டுரையில் குறிப்பிட்டார். அப்படியானால் 1980களிலிருந்து அங்கே குடியேறிய ஈழத்தமிழருக்கு இந்த ஏற்பாடு பழகிய வீடுபோல் இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லாததற்குக் காரணம், இரண்டு இரட்டை வழக்குகளும் ஒரே வகையின அல்ல.

தமிழில் மேடை ஏறினால் பேச்சு செந்தமிழை நோக்கி நகரும். படித்தவர் என்று காட்டிக்கொள்ளவும் அது உதவும். சுவிஸில் வட்டார வழக்குக்குத் தாழ்வில்லை. வங்கி மேலாளரும் துப்புரவுப் பணியாளரும் அதிலேயே பேசிக்கொள்வார்கள். தொலைக்காட்சியில் செய்தி எழுத்து ஜெர்மனில் வாசிக்கப்படும்; வானிலை அறிக்கையோ வட்டார வழக்கில். உயர்வு, தாழ்வு என்று ஃபெர்கூசன் பிரித்த படிநிலை இங்கே சரியாகப் பொருந்தவில்லை. எழுதுவதா, பேசுவதா என்பதே பிரிகோடு. பேச்சு வழக்கில் தனி இறந்தகால வினைவடிவமே கிடையாது. வகுப்பில் மாதக்கணக்கில் மனப்பாடம் செய்த 'வார்' (இருந்தேன்) தெருவில் செல்லாக்காசு; அங்கே 'பி க்ஸி'.

இதைவிட நுட்பமான தடை உபசாரத்தில் இருக்கிறது. வெளிநாட்டவர் முகத்தைக் கண்டதும் பலர் எழுத்து ஜெர்மனுக்கு மாறிவிடுகிறார்கள். மரியாதைதான், ஐயமில்லை. ஆனால் அதே மரியாதை கேட்டுப் பழகும் வாய்ப்பைப் பறிக்கிறது. மதிய இடைவேளையில் சகபணியாளர் நால்வர் சிரிக்கும்போது ஐந்தாமவர் அர்த்தம் தெரியாமல் உடன் சிரிப்பது இதன் விளைவு. பேசத் தெரியாததைவிடக் கேட்டுப் புரியாததே ஆளைத் தனிமைப்படுத்துகிறது. வட்டார வழக்கில் கேட்டு எழுத்து ஜெர்மனில் பதில் சொல்பவரை அங்கே யாரும் குறையாகக் காண்பதில்லை. ஆகவே பேச்சுப் பயிற்சிக்கு முன் செவிப் பயிற்சி தேவை.

சட்டம் இதைக் கணக்கில் கொள்வதில்லை. 2018 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டம், தேசிய மொழிகளுள் ஒன்றில், ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலின்படி, பேச்சுக்கு பி1, எழுத்துக்கு ஏ2 நிலையைக் கோருகிறது. ஜெர்மன் பகுதியில் அந்த நிலைகளை எட்ட வகுப்புகள் கற்பிப்பது எழுத்து ஜெர்மனையே. சூரிச் மாநில வாக்காளர்களோ 2011இல், மழலையர் பள்ளியில் வட்டார வழக்கே பயிற்றுமொழியாக இருக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். பெற்றோருக்கு ஒரு மொழி, பிள்ளைக்கு வேறொன்று என்று அரசே பங்கிட்டுக் கொடுத்ததுபோல் ஆயிற்று.

பேர்ன் நகரின் வழக்கைப் பார்த்தால் இந்தப் பங்கீட்டின் விசித்திரம் இன்னும் தெளிவாகும். எழுத்து ஜெர்மனில் மரியாதைக்குரிய 'ஸீ' படர்க்கைப் பன்மையிலிருந்து வந்தது. பேர்ன்காரர் சொல்லும் 'டிர்' முன்னிலைப் பன்மை. அப்படியே நம் 'நீங்கள்'. வகுப்பறையில் 'ஸீ' என்று திருத்தப்படும் தமிழர் வெளியே வந்து ரொட்டிக்கடையில் நிற்கிறார். கடைக்காரம்மா அவரை 'டிர்' என்றுதான் விளிக்கிறார்.