கடாரத்து அகில்

பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பூசைப்பொருள் வாங்குவோர் ‘கஹாரு’ என்றும் ‘ஊது’ என்றும் அச்சிட்ட ஊதுவத்திப் பொட்டலங்களைக் காண்கின்றனர். இப்பெயர்கள் குறிப்பது இலக்கியத்தில் நாம் படித்த அகிலே. இதனை வகுப்பில் சொல்லும்போது மாணவர் பலர் நம்பத் தயங்குவர்.

அக்குவிலேரியா இனத்து மரம் காயமுற்றுப் பூஞ்சை தொற்றும்போது, தன்னைக் காத்துக்கொள்ளப் பிசின் சுரக்கும். அப்பிசின் ஊறிக் கறுத்த கட்டையே அகில். நோயுறாத மரம் வெளிறியது, மணமற்றது. மலாய்மொழி இவ்வேறுபாட்டைப் பேணுகிறது: மரம் ‘காராஸ்’, பிசினேறிய கட்டை ‘கஹாரு’. தமிழிலோ இரண்டும் அகில்தான்.

இங்கொரு சிக்கல் உண்டு. சங்கப் பாடல்களில் குறவர் தினைப்புனத்திற்காக அகில் மரத்தை வெட்டி எரிக்கின்றனர். ஆயின் மேற்குத்தொடர்ச்சி மலையில் இன்றும் ‘வெள்ளை அகில்’ எனப்படும் மரம் வேம்பின் குடும்பத்தது. ஆகவே நூல்களில் வரும் அகில் அனைத்தையும் ஒரே மரமாகக் கொள்ளுதல் பொருந்தாது என்பது எம் கருத்து. மகளிர் கூந்தலுக்கு ஊட்டிய புகையும், சந்தனத்தோடு குழைத்த பூச்சும் எந்த அகிலால் ஆயின என்பதை இடம் நோக்கியே துணிதல் வேண்டும்.

கடல்வழி வந்த அகிலைப் பற்றி இவ்வளவு ஐயம் இல்லை. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை, கீழ்காற்றோடு கலங்களில் வந்த பொருள்களுள் அகிலைக் கூறுகிறது. அதற்கு உரைகண்ட அடியார்க்குநல்லார் அருமணவன், தக்கோலி, கிடாரவன், காரகில் என வகை பிரிக்கிறார். காரகில் நிறத்தால் பெற்ற பெயர். ஏனைய மூன்றும் இடத்தால் பெற்றவை: அருமணம் கீழைப் பர்மாப் பகுதி, தக்கோலம் மலாய்த் தீபகற்பத்தின் மேலைக்கரைத் துறை, கிடாரம் நம் கெடா. கடாரமும் தலைத்தக்கோலமும் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியிலும் உள்ளன. 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பை மாணவர் மனப்பாடமாகச் சொல்வர். அதே ஊர்களின் சரக்கு உரையின் ஒருவரியில் கிடப்பதை நாம் சுட்டிக்காட்டுவதில்லை.

சொல்லின் பயணமும் சுவையானது. வடமொழி ‘அகுரு’வைக் ‘கனமற்றது’ என்று விளக்குவோர் உளர். உயர்ந்த அகிலோ நீரில் மூழ்கும். சீனர் அதனை ‘மூழ்கும் நறுமணம்’ என்றே அழைத்தனர். போர்ச்சுகீசியர் நாவில் அகில் ‘ஆகிலா’ ஆயிற்று. அச்சொல் கழுகையும் குறித்தமையால் ஆங்கிலத்தில் ‘கழுகுமரம்’ எனப் பெயர் பிறந்தது. கழுகிற்கும் மரத்திற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

காட்டில் இதைத் தேடியெடுக்கும் அறிவு ஒராங் அஸ்லி மக்களிடம் நெடுங்காலமாக உள்ளது. மிகுதியாக வெட்டப்பட்டமையால் இம்மரம் 1995 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டது. இன்று தோட்டங்களில் காராஸ் மரத்தை வளர்த்து, தண்டில் துளையிட்டுப் பூஞ்சையைச் செலுத்தி அகில் விளைவிக்கின்றனர்.