விரைவும் நிலைபேறும்

தரைமீது ஓடும் மோட்டார் வண்டியின் விரைவு உலகச் சாதனையாக முதன்முதல் அளந்து குறிக்கப்பெற்றது 1898ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 18ஆம் நாளாகும். பாரிஸ் நகருக்கு அருகே ஆஷேர் என்னும் இடத்தில், மின்கலத்தால் இயங்கும் வண்டியொன்றைச் செலுத்திய ஷாஸ்லூ-லோபா என்ற பிரபு, மணிக்கு 63 கிலோமீட்டர் விரைவை எட்டினார். 1997ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துப் பாலைநிலத்திலே, ஆண்டி கிரீன் என்ற பிரிட்டிஷ் விமானப்படை வீரர் மணிக்கு ஏறத்தாழ 1,228 கிலோமீட்டர் விரைவிற் சென்று ஒலியையும் முந்தினார். தொண்ணூற்றொன்பது ஆண்டுகளில் விரைவு பத்தொன்பது மடங்குக்கு மேல் வளர்ந்துவிட்டது. இதைக் கேட்போர் எந்திரத்தின் ஆற்றலையே முதலில் வியப்பர். ஆனால் ஆற்றலைப் பெருக்குவது இம்முயற்சியிற் பாதி வேலைதான். அவ்வாற்றலைத் தாங்கிக்கொண்டு வண்டி நேரே ஓடவேண்டும்; புரளாதிருக்க வேண்டும்; தரையை விட்டு எழாதிருக்க வேண்டும். இந்த மற்றைப் பாதியின் வரலாற்றையே இங்கே காண்போம்.

வங்கக் கடலுக்கு அப்பால், மரைன் ஹில் போன்ற மேட்டுப் பகுதிகளில் வாழும் நமக்கு இப்பேச்சு எதற்கு என்று சிலர் வினவலாம். நம் தீவுகளிலே ஒரு மைல் நீளத்திற்கு நேராகவும் சமமாகவும் கிடக்கும் சாலையைக் காண்பது அரிது. ஏற்றமும் இறக்கமும் வளைவுமே நம் பாதைகள். அந்தமான் நெடுஞ்சாலையில், ஜாரவா மக்களின் காப்புநிலத்தின் ஊடே செல்லும் வண்டிகள் அணிவகுத்து, மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேற்படாமற் போகவேண்டும் என்பது விதி. எனினும் 40 கிலோமீட்டரில் ஓடும் சரக்கு லாரிக்கும் 1,200 கிலோமீட்டரில் ஓடிய பாலைநில வண்டிக்கும் இயற்கை வகுத்த சட்டம் ஒன்றே. மிகு விரைவில் அச்சட்டம் கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றுகிறது. குறைந்த விரைவில் அது மறைந்து நின்று, நாம் அயர்ந்த வேளையில் வண்டியைக் கவிழ்க்கிறது.

வண்டியின் உயிர்நாடி அதன் அடிச்சட்டம். பட்டறைகளிலே இதனைச் சேசிஸ் என்று வழங்குவர். தமிழ்நாட்டுச் சாலைகளை அறிந்த நம்மவர் இதனை நேரிற் கண்டிருப்பர். எண்ணூர்த் தொழிற்சாலையிலிருந்து கரூருக்கும் நாமக்கல்லுக்கும் கூண்டு கட்டுவதற்காகச் செல்லும் புதிய வண்டிகளில், இரண்டு நீண்ட எஃகு உத்தரங்களும், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களும், எந்திரமும், சக்கரங்களும், தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு வெயிலில் அமர்ந்திருக்கும் ஓட்டுநருமே தென்படுவார்கள். அந்த எலும்புக்கூடே சேசிஸ். மேலே எத்தனை அழகிய கூண்டு அமைந்தாலும், பாரத்தைத் தாங்குவதும் சக்கரங்களை ஒன்றுக்கொன்று நேராக நிறுத்துவதும் அதுவே.

நிலைபேற்றிற்கு வேண்டியவை மூன்று. முதலாவது, எடை தாழ்ந்திருத்தல். திருவாரூர் ஆழித்தேரை வடம்பிடித்து இழுக்கும்போது முட்டுக்கட்டை இடுவோர் எத்துணை விழிப்போடு இருக்கின்றனர்! தேர் உயர்ந்தது, அதன் எடை மேலேயும் பரந்துள்ளது, ஆகவே மெல்ல ஊர்ந்தாற்றான் அதற்குக் காப்பு. விரைந்து செல்லும் வண்டி இதற்கு நேர்மாறாகத் தரையோடு படிந்திருக்க வேண்டும். இரண்டாவது, முன்சக்கரத்திற்கும் பின்சக்கரத்திற்கும் இடையே போதிய நீளம் இருத்தல். குட்டையான வண்டி சிறு அசைவிற்கும் திசை மாறும். நீண்டது அமைதியாக ஓடும். மூன்றாவது, காற்றைப் பற்றியது. வில்லிலிருந்து புறப்படும் அம்பிற்கு முனையிலே எடையும் வாலிலே இறகும் வைத்தனர் நம் முன்னோர். அம்பு சற்றே சாய்ந்தால், காற்று அவ்விறகைத் தள்ளி அதனை மீண்டும் நேராக்குகிறது. வண்டிக்கும் இதுவே நியதி. காற்றின் தாக்குதல் திரளும் இடம் எடையின் நடுவிடத்திற்குப் பின்னே இருந்தால் வண்டி நேரே செல்லும். முன்னே இருந்தால் தட்டாமாலை சுற்றும்.

விரைவு இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. அதனை வெல்ல வேண்டிய ஆற்றலோ எட்டு மடங்காகிறது. ஒரே வண்டி 40 கிலோமீட்டரிலிருந்து 1,200 கிலோமீட்டருக்கு விரையுமாயின், எதிர்ப்பு 900 மடங்கு பெருகும். ஒலியின் விரைவை நெருங்குகையில் இக்கணக்கினும் மிகும். அத்தகைய காற்று வண்டியின் மூக்கிற்குக் கீழே சிறிது புகுந்தாலும் போதும். பல டன் எடையுள்ள இரும்பும் காகிதம்போற் பறந்துவிடும்.

இவ்வுண்மைகளை மனிதர் ஒரே நாளிற் கற்றுக்கொள்ளவில்லை. 1899ஆம் ஆண்டு காமில் ஜெனாட்சி என்ற பெல்ஜியர், மணிக்கு 100 கிலோமீட்டரைக் கடந்த முதல் வண்டியைச் செலுத்தினார். அதன் உடலை நீர்மூழ்கிக் குண்டுபோல் வடித்திருந்தார்கள். ஆனால் ஓட்டுநர் அதன்மேல் நெஞ்சு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். சக்கரங்களும் அச்சும் கீழே திறந்தே கிடந்தன. உடலை மட்டும் கூராக்கி, ஆளையும் அடிச்சட்டத்தையும் காற்றின் எதிரே நிறுத்திவிட்டனர்.

முதல் உலகப் போருக்குப்பின் விமான எந்திரங்கள் எளிதிற் கிடைத்தன. பெரும் எந்திரத்தைப் பழைய அடிச்சட்டத்தில் ஏற்றிவிடுவதே அக்காலத்து வழக்கமாயிற்று. வேல்ஸ் நாட்டுப் பாரி தாமஸ் என்பவர், பிறர் கட்டுவித்த வண்டியொன்றை வாங்கித் திருத்தி, அதற்குப் பேப்ஸ் எனப் பெயரிட்டார். 27 லிட்டர் கொள்ளளவுள்ள விமான எந்திரம் அதில் இருந்தது. ஆற்றல் சங்கிலிகளின் வழியே பின்சக்கரங்களுக்குச் சென்றது. 1926இல் அவ்வண்டி மணிக்கு 275 கிலோமீட்டர் ஓடிச் சாதனை படைத்தது. 1927 மார்ச் 3ஆம் நாள், பெண்டைன் கடற்கரை மணலில், அதே வண்டியில் அவர் உயிர் துறந்தார். வண்டியை அம்மணலிலேயே புதைத்தனர். 1969இல் அது தோண்டி எடுக்கப்பட்டுச் செப்பனிடப்பெற்றது.

அதன்பின் அறிஞர் அடிச்சட்டத்தையே முதலில் எண்ணத் தலைப்பட்டனர். 1929இல் ஹென்றி சீக்ரேவ் செலுத்திய 'பொன்னம்பு' என்னும் பொருளுடைய வண்டியில், ஆற்றலைக் கடத்தும் தண்டு ஓட்டுநரின் இருபுறமும் இரண்டாகப் பிரிந்து சென்றது. தண்டின்மேல் உட்காராமல் அவற்றின் இடையே தாழ்ந்து அமர்ந்தமையால், வண்டி முழுவதும் தாழ்ந்தது. அது மணிக்கு 372 கிலோமீட்டரை எட்டியது.

ஜான் காப் என்பவருக்காக ரீட் ரெயில்டன் அமைத்த வண்டி இவற்றினும் நுட்பமானது. இரு உத்தரங்களுக்குப் பதிலாக, பாம்பு நெளிவதுபோல் வளைந்த ஒற்றை முதுகெலும்பை அதற்கு வைத்தார். ஒவ்வொரு வளைவின் குழிவிலும் ஓர் எந்திரம் அமர்ந்தது; ஒன்று முன்சக்கரங்களையும் மற்றொன்று பின்சக்கரங்களையும் இயக்கியது. ஓட்டுநர் முன்சக்கரங்களுக்கும் முன்பாக, மூக்கிலேயே அமர்ந்தார். 1947இல் அமெரிக்காவின் பான்னவில் உப்புவெளியில் அது மணிக்கு 634 கிலோமீட்டர் ஓடியது. சாதனை என்று ஏற்பதற்கு, ஒரு மணி நேரத்திற்குள் எதிரெதிர்த் திசைகளில் இருமுறை ஓடி, இரண்டின் சராசரியைக் காட்டவேண்டும். காற்றோ சரிவோ ஒருபுறம் உதவினால் மறுபுறம் அதுவே எதிர்நிற்கும்; ஆதலின் ஏமாற்றத்திற்கு இடமில்லை.

வாலின் இன்றியமையாமையைத் துன்பமே கற்பித்தது. 1960 செப்டம்பரில் டொனால்டு காம்பெல் தம் புளூபேர்ட் வண்டியைப் பான்னவில்லில் விரைவு கூட்டிச் செலுத்தியபோது, அது பாதையை விட்டு விலகிப் பறந்து உருண்டது. தலையோடு உடைந்தும் அவர் பிழைத்தார். வண்டியை மீளக் கட்டியபோது உயர்ந்த வாற்செதில் ஒன்றை நிறுவினர். அம்பின் இறகு அவ்வாறு வண்டிக்கு வந்து சேர்ந்தது. 1964 ஜூலை 17ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் அயர் ஏரிப் படுகையில் அது மணிக்கு 648 கிலோமீட்டரைக் கடந்தது.

தீவினராகிய நாம் கருதவேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. நிலத்திற் பெருவிரைவு கண்ட சீக்ரேவ், காப், டொனால்டு காம்பெல் ஆகிய மூவரும் மாண்டது நீரிலே. சீக்ரேவ் 1930இலும், காப் 1952இலும், காம்பெல் 1967இலும் விரைபடகுச் சாதனைக்கு முயன்றபோது உயிரிழந்தனர். காம்பெல்லின் படகு மூக்கு மேலெழுந்து குப்புறக் கவிழ்ந்தது. தரை மேடுபள்ளங்களை முன்கூட்டியே காட்டிவிடும். நீரோ கணந்தோறும் தன் முகத்தை மாற்றிக்கொள்கிறது. படகில் பாரத்தை எங்கே வைப்பது என்பதை நம் மீனவர் கவனித்துப் பார்ப்பது வீண் வழக்கமன்று.

ஒலியை முந்திய திரஸ்ட் வண்டியில் இப்பாடங்கள் அனைத்தும் ஒன்றுகூடின. இரு பெரும் ஜெட் எந்திரங்கள் முன்புறம் இருபாலும் அமைந்தன. ஆகவே எடை முன்னே நின்றது. அவற்றின் கீழிருந்த முன்சக்கரங்கள் திரும்ப இடமில்லை. பின்சக்கரங்களைத் திருப்பியே வண்டியைச் செலுத்தவேண்டியதாயிற்று. இம்முறை இயலுமா என்பதை ஒரு சிறிய மினி காரை மாற்றியமைத்து முன்னரே சோதித்தனர். மூக்கு எழாமலும் தாழாமலும் இருக்க, ஓடும்போதே வண்டியின் சாய்வைச் சீராக்கும் பொறி இருந்தது. அவ்விரைவில் ரப்பர் தாங்காது. ஆகவே சக்கரங்கள் அலுமினியத்தால் ஆயின.

தமிழ்நாட்டில் இத்தகைய உப்புவெளி இல்லை. ஆயினும் விரைவுக்கலை அங்கும் வேரூன்றியது. 1953இல் சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் தோன்றியது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போரின்போது விமானங்களுக்காக இட்ட ஓடுபாதையே அக்கழகத்தின் பந்தயக் களமாயிற்று. பல்லாயிரவர் வெயிலிற் கூடிக் கண்டுகளித்த அப்பந்தயங்கள், 1990இல் இருங்காட்டுக்கோட்டையிற் புதிய களம் அமைந்த பின்னர் அங்கே சென்றன.

சோழவரத்தில் ஓட்டியவர்களுள் ஒருவர் கோவையைச் சேர்ந்த கரிவரதன். அந்நாளில் வெளிநாட்டுப் பந்தய வண்டியை வரவழைப்பது பெருஞ்செலவு. அவர் மாருதி 800 காரின் சிறிய எந்திரத்தை எடுத்து, அதனை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே வைத்து, தாழ்ந்த புதிய அடிச்சட்டத்தில் ஒற்றை இருக்கை வண்டியாக்கினார். பார்முலா மாருதி என வழங்கிய அவ்வண்டியில் எந்திரம் அனைவர்க்கும் ஒன்றே. ஆகவே ஓட்டுநரின் திறமையே வெற்றியை வகுத்தது. அவ்வண்டியிற் பயின்ற கோவை நாராயண் கார்த்திகேயன், 2005இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் மறைந்தார். 2003இல் கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்தில் அமைந்த பந்தயக் களம் அவர் பெயர் தாங்கி நிற்கிறது.

சாதாரணக் குடும்ப வண்டியின் எந்திரத்தைக் கொண்டு, சட்டத்தையும் எடையின் இடத்தையும் மாற்றிப் பந்தய வண்டி ஆக்கியது கோவையின் அரிய பணியாகும். ஆற்றல் விலைக்குக் கிடைக்கும். நிலைபேறு அறிவினால் ஆக்கப்பட வேண்டும் என்பதை அது காட்டிற்று. நம் வீடுகளிலும் மோட்டார் சைக்கிளின் பின்னே மூட்டையை உயரக் கட்டுவோர் உண்டு. லாரியின் கூண்டுக்கு மேலும் சரக்கேற்றி மேட்டுவளைவிற் திருப்புவோர் உண்டு. பாரத்தைத் தாழ்த்தி, முன்னும் பின்னும் சீராகப் பகிர்ந்து ஏற்றுவோமாயின், பாரி தாமசும் காம்பெல்லும் பெருவிலை கொடுத்துப் பெற்ற கல்வி நமக்குச் செலவின்றிக் கிட்டியதாகும்.