காப்பி இலையில் பூத்த துரு

எட்டாம் வகுப்பில் பூஞ்சைகளைப் பற்றிய பாடம் வருங்கால், ஈரமாக்கிய ரொட்டித் துண்டொன்றை மூடிவைத்து, நான்காம் நாள் அதன்மேல் பூத்த பூசணத்தை மாணவருக்குக் காட்டுவது ஆசிரியர் வழக்கம். நாமும் பல்லாண்டுகள் அவ்வாறே செய்தோம். பச்சையம் அற்றது, தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாதது, பிறவற்றைச் சார்ந்தே வாழ்வது என்று எழுதிப்போட்டால் பாடம் முடிந்துவிடும்.

ஒருமுறை, "உங்கள் வீட்டில் பூசணத்தை எங்கே கண்டீர்கள்?" என்று வினவினோம். ஊறுகாய்ச் சாடி, தோல் செருப்பு, அழுகிய எலுமிச்சை என விடைகள் வந்தன. நம் தெருப் பையன் ஒருவன் மட்டும் தலைகுனிந்து நின்றான். மழையில் நனைந்த அவன் வீட்டு மண்சுவர் முழுதும் பூசணம் பூத்திருந்தது; அது அசுத்தமானவர் வீட்டிலேதான் வரும் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். ஈரமும் பற்றிக்கொள்ள ஒரு பொருளும் இருந்தால் போதும், குடிசை மாளிகை என்ற பேதம் அதற்கு இல்லை என்றோம். அவன் நம்பியதாகத் தெரியவில்லை. ஆகவே, வெள்ளைத் துரைமாரின் பெருந்தோட்டங்களையே வீழ்த்திய ஒரு பூஞ்சையின் வரலாற்றை அன்று சொல்லத் தொடங்கினோம்.

இலங்கை மலைநாடு அக்காலத்தில் தேயிலை நாடன்று, காப்பி நாடு. 1870ஆம் ஆண்டில் பத்துக் கோடி பவுண்டு எடைக்கும் மேற்பட்ட காப்பி அங்கிருந்து கப்பலேறியது. அக்காப்பியைப் பறித்தவர் யார்? திருச்சி, மதுரை, தஞ்சை, இராமநாதபுரம், சேலம் ஆகிய சீமைகளிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் கங்காணிகளின் பின்னே சென்ற ஏழை மக்கள். அவர்களுள் பெரும்பகுதியினர் தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட நம் முன்னோர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தனர். வாந்திபேதியால் வழியிலேயே மாண்டவர் பலர். பிழைத்தவர் அறுவடை முடிந்ததும் கூலியை முடிந்துகொண்டு ஊர் திரும்புவர்.

1869இல் மடூல்சீமைப் பகுதியில் காப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்த புள்ளிகள் தோன்றின. பேராதனைத் தாவரத் தோட்டத்துத் துவைட்ஸ் என்பார் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பெர்க்லி என்னும் பாதிரியார் அதைப் புதியதோர் பூஞ்சையெனக் கண்டு, 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயரிட்டார். வாஸ்டாட்ரிக்ஸ் எனில் பாழாக்குபவள் என்று பொருள். பெயர் பொய்க்கவில்லை.

தோட்டத் துரைமார் மண்ணைக் குறைகூறினர், வானிலையைக் குறைகூறினர். 1880இல் மார்ஷல் வார்டு என்ற இளம் விஞ்ஞானி அரசால் அங்கு அனுப்பப்பட்டார். அவர் செய்ததை வகுப்பில் விரித்துரைக்க வேண்டும், ஏனெனில் அதுவே அறிவியல் நெறி. பசையுள்ள கண்ணாடித் தகடுகளைத் தோட்டத்தில் வைத்தார். காற்றில் மிதந்துவந்த ஸ்போர்கள், அதாவது கண்ணுக்குப் புலப்படாத வித்துத் துகள்கள், அவற்றில் ஒட்டின. ஈரமான இலைமேல் அவை முளைப்பதையும், அடிப்புறத்துத் துளைகளின் வழியே உட்புகுவதையும் அவர் கண்டறிந்தார். மலைமலையாக ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டதே நோய் பரவ வழிவகுத்தது என்றும் உணர்த்தினார். ஆனால் காலம் கடந்துவிட்டது. 1880களின் இறுதியில் காப்பி ஏற்றுமதி, முன்பிருந்ததில் பத்தில் ஒரு பங்கும் இல்லை.

துரைமாரின் நட்டத்தைப் பல நூல்கள் விரிவாகக் கூறும். தோட்டங்கள் கடனில் மூழ்கியபோது தொழிலாளருக்கு மாதக்கணக்கில் கூலி நிலுவையில் நின்றதை ஓரிரு வரிகளில் கடந்துவிடும்.

காப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. காப்பிக்கு ஆண்டில் சில மாதங்களே மிகுதியான ஆள் வேண்டும். தேயிலைக் கொழுந்தையோ ஆண்டு முழுவதும் கிள்ளவேண்டும். எனவே குடும்பங்கள் லயன் அறைகளிலேயே தங்கிவிட்டன. அங்கேயே பிறந்து வளர்ந்த தலைமுறைகளை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர் ஆக்கிற்று. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கிற்று. இவை யாவற்றுக்கும் ஒரு பூஞ்சையே காரணம் என்று நாம் சொல்லவில்லை. சட்டம் இயற்றியவர் மனிதர்.

இப்பாடத்தை அன்றுமுதல் ஆண்டுதோறும் நடத்திவந்தோம். அவ்வாறு ஓராண்டு நடத்தி முடித்த மறுநாள், கடைசி வரிசையில் அமரும் மாணவி ஒருத்தி, தன் பாட்டியிடம் கேட்டுவந்ததாகச் சொல்லி, கரும்பலகையில் ஒரு தோட்டத்தின் பெயரையும் லயன் எண்ணையும் எழுதினாள். பக்கத்தில் ரொட்டித் துண்டு இன்னும் பூசணத்தோடு இருந்தது. மண்சுவர் வீட்டுப் பையனின் தம்பி எழுந்து, துருநோய் தேயிலைக்கும் வருமா என்று கேட்டான். காப்பித் துரு தேயிலையைத் தாக்காது, தேயிலைக்கு வேறு பூஞ்சை நோய்கள் உண்டு என்றோம். அடுத்த பாடவேளை அதிலேயே கழிந்தது.