பெட்ரி வலை (உயிரியலில்)

உயிரணுவுக்குள் நடக்கும் வேதிவினைகளை வட்டம், கட்டம், அம்புக்குறி கொண்டு வரைந்து, அந்தப் படத்தையே கணினியில் ஓடவிட உதவும் கணித மாதிரி. ஜெர்மானியரான கார்ல் ஆடம் பெட்ரி 1962இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் இதன் வேர் இருக்கிறது. வேதிவினைகளைக் குறிக்கத்தான் சிறுவயதில் இந்தப் படங்களை வரைந்ததாகப் பெட்ரி சொன்னதுண்டு. ஆனால் முதலில் சுவீகரித்துக்கொண்டது கணினித் துறை. ரெட்டி என்ற ஆய்வாளரும் இரு சகாக்களும் 1993இல்தான் இதை வளர்சிதைமாற்றப் பாதைகளுக்குக் கொண்டுவந்தார்கள்.

வட்டம் பொருள், கட்டம் வினை, வட்டத்துக்குள் இடும் புள்ளிகள் அப்பொருளின் அளவு. குளுக்கோஸுக்கு ஐந்து புள்ளி, அடினோசின் டிரைபாஸ்பேட்டுக்கு மூன்று என்று வையுங்கள். ஹெக்சோகைனேஸ் நொதியின் கட்டம் ஒருமுறை இயங்கினால் இரண்டிலும் ஒவ்வொரு புள்ளி குறையும். குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டிலும் அடினோசின் டைபாஸ்பேட்டிலும் ஒவ்வொன்று கூடும். மூன்று முறை ஆனதும் வினை நின்றுவிடும், குளுக்கோஸ் இரண்டு மிச்சமிருந்தும். பாதை எங்கே முடங்குகிறது என்பது கண்ணெதிரே தெரிந்துவிடுகிறது.

சிக்கல் வேகத்தில். எந்த வினை எவ்வளவு விரைவாக நடக்கும் என்பதைக் குறிக்கும் மாறிலிகள் பல இன்னும் அளக்கப்படாதவை. அவற்றை ஊகித்தறிவதுதான் பெரும்பாடு.

இதில் குறிப்பிடத்தக்கவர் பெட்ரி வலைக் கோட்பாட்டாளர் பி. எஸ். தியாகராஜன். சென்னையில் கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிப் பின்னர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் சென்றவர். அங்கே 2006இல் அவரது குழு, ஏ.கே.டி., எம்.ஏ.பி.கே. என்ற இரு சமிக்ஞைப் பாதைகளை ஒரே வலையாக வரைந்து, அதைத் துண்டுதுண்டாகப் பிரித்து மாறிலிகளை மதிப்பிட்டது. பிறகு நிகழ்தகவு வரைபடங்களான பேய்ஸியன் வலைகளுக்கும் அவர்கள் நகர்ந்தார்கள்.