மாட்டுங்கா எரிவாயுவின் வயது

கழிவிலிருந்து எரிவாயு எடுத்த வரலாற்றைப் பேசும் நூல்கள் பல ஒரே செய்தியோடு தொடங்குகின்றன: 1859இல், பம்பாய் மாட்டுங்காவிலிருந்த தொழுநோயாளர் இல்லத்தில் உலகின் முதல் எரிவாயுக் கலன் அமைந்தது. பாடநூலிலிருந்து திட்ட அறிக்கைக்கும், அறிக்கையிலிருந்து மறுபடி பாடநூலுக்கும் இந்த ஆண்டு கைமாறிக்கொண்டே இருக்கிறது. அதே இல்லத்துக்கு 1897 என்று ஆண்டு குறிக்கும் மரபும் ஒன்று உண்டு. இரண்டையும் தனித்தனி நிகழ்ச்சிகளாக அடுத்தடுத்துப் பட்டியலிடுவோரும் இருக்கிறார்கள். முதல் ஆண்டு நிற்காது என்பதே என் வாதம்.

மாட்டுங்கா இல்லம் திறக்கப்பட்டது 1890இல். பம்பாய் மாநகராட்சி ஆணையராயிருந்த ஆக்வர்த்தின் முயற்சி அது. பின்னாளில் இல்லம் அவர் பெயரையே தாங்கியது. கட்டடம் எழுவதற்கு முப்பத்தோராண்டு முன்பே அதன் கழிவுத் தொட்டி வாயு தந்திருக்க முடியாது. நகரில் வேறோர் இடத்தில் அப்படியொரு தொட்டி இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். இருந்திருந்தால் அது மாட்டுங்காவின் கதையல்ல. 1859ஐத் தாங்கி நிற்பதே அந்த இடப்பெயர்தான்.

கட்டட ஆண்டை மட்டும் நம்பி முடிவுகட்ட வேண்டியதில்லை. அந்த வாயு எதற்குப் பயன்பட்டிருக்கும் என்று பார்த்தால் பிழை இன்னும் தெளிவாகும். 1897ஆம் ஆண்டுக் குறிப்பு, தொட்டிகளில் வாயுவைச் சேகரித்து எஞ்சினை ஓட்டியதாகச் சொல்கிறது. லெனுவார் தம் வாயு எஞ்சினுக்குக் காப்புரிமை பெற்றது 1860இல். ஓட்டோவின் நான்கு வீச்சு எஞ்சின் வந்தது 1876இல். எஞ்சினை விட்டு விளக்கை எடுத்துக்கொண்டாலும் நிலைமை மாறாது. கழிவிலிருந்து வரும் வாயுவில் பெரும்பகுதி மீத்தேன். நிலக்கரி வாயுவில் சுடருக்கு ஒளி தரும் ஹைட்ரோகார்பன்கள் இதில் இல்லாததால் வெறும் சுடர் மங்கலாகவே எரியும். சுடரின் மேல் பளிச்சிடும் வலையுறையான மேண்டிலை மாட்டினால்தான் வெளிச்சம். வெல்ஸ்பாக்கின் மேண்டிலோ 1880களின் சரக்கு. பம்பாய்த் தெருக்களில் வாயு விளக்கு எரியத் தொடங்கியதே 1865இல்தான்.

மாறாக, 1890களின் பிற்பகுதியில் எல்லாம் பொருந்தி வருகின்றன. மூடிய தொட்டியில் மலம் தானே கரைகிறது என்ற மூராவின் செய்தி 1881இல் பிரான்சில் அச்சேறியது. 1895இல் எக்ஸிடர் நகரில் கேமரன் செப்டிக் தொட்டி கட்டினார். அதன் வாயுவில் விளக்கும் எரிந்தது. பம்பாய் மாநகராட்சியின் வடிகால் பொறியாளர் சி. சி. ஜேம்ஸ் மாட்டுங்காவில் இவ்வகைத் தொட்டியைச் சோதித்தார். கீழை நகரங்களின் வடிகால் பற்றி 1906இல் அவர் வெளியிட்ட நூலின் அக்கறை கழிவுநீரை எப்படி அப்புறப்படுத்துவது என்பதே. வாயு அங்கே உபரி வரவு. தொட்டியிலிருந்து வெளியேறிய நீர் இல்லத்தின் பண்ணைக்குப் பாய்ந்தது; அந்தப் பண்ணையில் உழைத்தவர்கள் நோயாளிகள். எஞ்சினைக் குறிப்பிடத் தவறாத எரிசக்தி வரலாறுகள் இந்தப் பண்ணையைப் பொதுவாகத் தொடுவதில்லை. மாசு நீங்கியதில் மண்ணுக்கும் பயிருக்கும் இருந்த பங்கு எஞ்சினின் பங்கைவிடப் பெரிது என்றே கருதுகிறேன்.

ஆண்டைத் திருத்துவது இந்தியாவின் முன்னுரிமையைப் பறிப்பதாகும் என்ற ஆட்சேபத்துக்கு நீண்ட மறுமொழி தேவையில்லை. பிறக்காத இல்லத்தின் பெயரால் வரும் பெருமை எவருக்கும் பயன்படாது.

சற்று நிதானமாகப் பார்க்க வேண்டியது வேறொன்று: மாட்டுங்காவிலிருந்து நம் சாண எரிவாயு வரை நேர்க்கோட்டு வம்சாவளி வரையும் பழக்கம். 1930களின் இறுதியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ். வி. தேசாய் செய்த சோதனைகளும், 1951இல் ஜஷ்பாய் படேல் உருவாக்கிய ‘கிராமலட்சுமி’ கலனும், அதை ஊர் ஊராகக் கொண்டுசென்ற கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் முயற்சியும் வேறொரு சிக்கலுக்கு விடை தேடியவை. வரட்டியாக அடுப்பில் எரிந்துபோகும் சாணத்தை எரிபொருளாகவும் எருவாகவும் இருமுறை பயன்படுத்துவது அந்தச் சிக்கல். அதற்குச் சாணத்தை ஏறக்குறைய சம அளவு நீரில் கரைத்த கெட்டிக் கூழ் வேண்டும். வாயு சேரச் சேர மேலெழும் மிதவை மூடி வேண்டும். மாட்டுங்காத் தொட்டிக்குள் வந்ததோ பெரும்பகுதி தண்ணீர். அதைக் கட்டியவர்கள், வாயு ஒரு குமிழிகூட வராதிருந்தாலும் தொட்டியைக் கட்டியிருப்பார்கள்.