துப்பாக்கியின் பெயரும் தோட்டாவின் முத்திரையும்

புனேயில் வாழும் நமக்குக் கட்கி என்றதும் 1817 நவம்பர் 5-ஆம் தேதி பேஷ்வா படைக்கும் கும்பினிப் படைக்கும் நடந்த சண்டை ஞாபகம் வரும். இல்லையென்றால் 1869-இல் தொடங்கிய தோட்டாத் தொழிற்சாலை ஞாபகம் வரும். அந்தத் தொழிற்சாலைக்கும் நம்ம சேலம், நீலகிரிப் பக்கத்துக்கும் ஒரு பழைய உறவு உண்டு. பேர்போன கம்பெனியின் துப்பாக்கியா, விலை குறைந்த புதுத் துப்பாக்கியா என்று அக்கால வேட்டைக்காரர்கள் முன் நின்ற கேள்வியைப் பின்தொடர்ந்தால் அந்த உறவு விளங்கும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய வேட்டை என்றால் இங்கிலாந்துத் துப்பாக்கிதான். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், ரிக்பி ஆகியவை மகாராஜாக்களும் கலெக்டர்களும் சொல்லிப் பெருமைப்பட்ட பெயர்கள். இவர்களுடைய இரட்டைக் குழல் ரைபிளில் இரண்டு குழல்களும் ஒரே குறியில் சுடும்படி கைவினைஞர்கள் சுட்டுச் சுட்டுப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். இயந்திரத்தில் செய்யும் துப்பாக்கியைவிட விலை பல மடங்கு ஆனதற்கு இந்தக் கைவேலையே முக்கியக் காரணம். சம்பளக்காரருக்கு அது எட்டாக்கனி. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்ற ஜிம் கார்பெட்டிடம் இருந்த புகழ்பெற்ற ரிக்பி ரைபிள்கூட 1907-இல் அவருக்குப் பரிசாக வந்ததுதான்.

இந்த இடத்தில்தான் அமெரிக்காவின் வின்செஸ்டர் வருகிறது. ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1895-ஆம் ஆண்டு மாதிரி ஒரு லீவர் ரைபிள். விசையைச் சுற்றியுள்ள வளையமே நீண்டு கைப்பிடி போல இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும், அடுத்த தோட்டா உள்ளே ஏறும். அதற்கு முந்தைய லீவர் ரைபிள்களில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் உள்ள நீளக் குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். கூர்முனைக் குண்டு என்றால் முன்னால் இருப்பதன் அடியைக் குத்தி வெடித்துவிடும் அபாயம் உண்டு. பிரவுனிங் குழாயை எடுத்துவிட்டு, தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பெட்டியை வைத்தார். இந்த மாதிரிக்கு 1904-இல் .405 என்ற வலுவான தோட்டா வந்தது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் இதை ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப் போய்ச் சிங்க வேட்டையாடினார்.

நம்ம பக்கத்தில் இதை எடுத்துக்கொண்டவர் கென்னத் ஆண்டர்சன் (1910–1974). பெங்களூரில் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், தமிழும் கன்னடமும் நன்றாகப் பேசியவர். அன்றைய சேலம் மாவட்டத்து ஜவளகிரி, நீலகிரி அடிவாரத்துச் சேகூர் என்று நமக்குத் தெரிந்த ஊர்களெல்லாம் 1954-இல் வெளியான அவருடைய முதல் புத்தகத்தில் வருகின்றன. ஆட்கொல்லிப் புலியைத் தேடி அவர் காட்டுக்குள் போனபோது தோளில் பெரும்பாலும் அந்த .405 வின்செஸ்டர்தான் இருந்தது. லண்டன் முத்திரை இல்லாத துப்பாக்கியும் வேலையைக் குறைவில்லாமல் செய்யும் என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

ஆனால் கதை இத்தோடு முடியவில்லை. துப்பாக்கி வாங்குவது ஒருநாள் செலவு, தோட்டா வாங்குவது ஆயுள் செலவு. வின்செஸ்டர் 1895 மாதிரியின் உற்பத்தி 1940 வாக்கில் நின்றது, 1950-களில் .405 தோட்டாவும் அருகிப்போனது. தோட்டா இல்லாத ரைபிள் இரும்புத் தடிதானே! ரிக்பி ஆனாலும் சரி, வின்செஸ்டர் ஆனாலும் சரி, கடல் தாண்டி வரும் தோட்டாவை நம்பியிருப்பவனுக்கு ஒரே கதிதான்.

இதற்கு விடை உள்நாட்டிலேயே உருவானது. இராணுவத் தோட்டா கலகக்காரர் கைக்குப் போகக் கூடாது என்று வெள்ளைக்கார அரசு .303 போன்ற அளவுகளைப் பொதுமக்களுக்குத் தடை செய்திருந்தது. அந்தத் தடைக்கு உட்படாத .315 என்ற அளவில் இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. கம்பெனி வேட்டை ரைபிள் செய்து விற்றது. சுதந்திர இந்தியாவில் வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலை அதே அளவில் ஐந்து தோட்டா கொள்ளும் போல்ட் ரைபிளைச் செய்தது. அழகு குறைவுதான், யானைக்கும் காட்டெருமைக்கும் வலு போதாதுதான். ஆனால் விலை குறைவு, தோட்டாவும் உள்ளூரிலேயே கிடைத்தது. அந்தத் தோட்டாவின் அடியில் பல காலம் பொறித்திருந்த எழுத்து ‘கே.எஃப்.’, அதாவது கிர்க்கி ஃபேக்டரி, நம்ம கட்கி!

தோட்டாவை உந்தித் தள்ளும் மருந்துக்கும் ஒரு தமிழ்நாட்டு ஊர் உண்டு. குன்னூர் பக்கத்து அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை 1904-இல் எழுந்தது. இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை தொடங்கியதும் அதே 1904, அமெரிக்காவில் .405 தோட்டா வந்ததும் அதே ஆண்டு. இன்று அருவங்காடும் கட்கியும் ஒரே கம்பெனியின் கீழ் இருக்கின்றன. 2021 அக்டோபர் 1 முதல் செயல்படும் அந்த மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்துக்குத் தலைமையகம் புனேதான்.

உள்நாட்டுப் பொருள் என்றாலே போதும் என்று இதற்குப் பொருளல்ல. புனே பாஷாணில் உள்ள ஆயுத ஆராய்ச்சி நிலையம் வடிவமைத்து, திருச்சியிலும் தயாரான இன்சாஸ் ரைபிள் 1999 கார்கில் போரில் கடுங்குளிரில் தோட்டாப் பெட்டி விரிசல் விட்டது, இடையில் சிக்கிக்கொண்டது என்ற குறைகளைக் கேட்டது. 2019-இல் இராணுவம் 72,400 சிக் சாவர் ரைபிள்களை அமெரிக்காவிலிருந்து வாங்க ஒப்பந்தம் போட்டது. பனியில் நிற்கும் சிப்பாயிடம் மலிவு, சுதேசி என்று சொன்னால் எடுபடாது. விசையை அழுத்தினால் வெடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேட்டைக் காலம் முடிந்துவிட்டது. புலி வேட்டைக்கு 1970-இல் தடை வந்தது, 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தத் துப்பாக்கிகள் இனி சுவரில் தொங்க வேண்டியவையே. ஆனால் அவை கற்றுக்கொடுத்த பாடம் பம்பு செட்டு வாங்கும்போதும் ஸ்கூட்டர் வாங்கும்போதும் நமக்கு உதவும். பேர்போன பழைய பெயருக்குக் கூடுதல் விலை கொடுப்பதற்கு முன், நாளைக்கு இதற்கு உதிரிப் பொருள் எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். புதுப்பொருளை மலிவு என்று வாங்குவதற்கு முன்னாலும் அதையே கேளுங்கள், கூடவே கஷ்ட நேரத்தில் அது வேலை செய்யுமா என்றும் கேளுங்கள். துப்பாக்கி மேல் எழுதியிருந்த பெயரைப் பார்த்து வாங்கியவர்கள் பலர். தோட்டாவின் அடியில் இருந்த எழுத்தையும் பார்த்து வாங்கியவனுக்கே அது கடைசிவரை உதவியது.