விடுபடாமல் எண்ணிய மரபு: சமண நூல்களில் வரிசையும் சேர்வும்

சமண நூல்களை நான்கு அனுயோகங்களாகப் பகுப்பது திகம்பர மரபு. பெரியோர் வரலாறுகளைக் கூறுவது பிரதமானுயோகம்; ஒழுக்கத்தைக் கூறுவது சரணானுயோகம்; உயிர் முதலிய பொருள்களின் இயல்பைக் கூறுவது திரவியானுயோகம்; உலகின் அமைப்பு, அளவு, காலக் கணக்கு ஆகியவற்றைக் கூறுவது கரணானுயோகம். வீட்டு நெறி கூறும் நூல்தொகுதியிலேயே கணக்குக்கும் இடமளித்த சமயம் இது. அம்மரபில் வளர்ந்த கணக்குகளுள் ஒன்று, ஒரு பொருள் எத்தனை வகையாக அமையக்கூடும் என்று ஒன்றும் விடுபடாமல் எண்ணும் முறை. பண்டைச் சமணர் அதனை விகற்பம் என்றும் பங்கம் என்றும் வழங்கினர். இன்று மேல்நிலைப் பள்ளியில் வரிசை மாற்றங்கள், சேர்வுகள் என்னும் தலைப்புகளில் கற்பிக்கப்படுவது இக்கணக்கே.

இப்பாடத்தில் மாணவர் பெரும்பாலும் இடர்ப்படுவது சூத்திரத்தில் அன்று. எந்தச் சூத்திரம் எவ்விடத்துக்கு உரியது என்பதில்தான். அதனைத் தீர்க்கும் கேள்வி ஒன்றே. வரிசை மாறினால் பொருள் மாறுமா? மாறுமாயின் அது வரிசை மாற்றம், மாறாதாயின் சேர்வு. இவ்விரண்டுக்கும் தெளிவான சான்றுகள் சமணர் நூல்களிலேயே உள்ளன.

முதற்சான்று சப்தபங்கி. ஒரு பொருளைப் பற்றி ஒருவகையில் உண்டு, ஒருவகையில் இல்லை, ஒருவகையில் சொல்லொணாதது என்னும் மூன்று அடிப்படைக் கூற்றுகள் பிறக்கின்றன. இவற்றைத் தனித்தனியே கூறினால் மூன்று. இரண்டிரண்டாக இணைத்தால் மூன்று. மூன்றையும் ஒருங்கே இணைத்தால் ஒன்று. ஆக ஏழு. உண்டு என்பதையும் இல்லை என்பதையும் இணைத்தபின் அவற்றை இடம் மாற்றி உரைப்பது புதிய பங்கமாக எண்ணப்படுவதில்லை. ஆகவே இது சேர்வு. எட்டாவது கூற்றுக்கு இங்கே இடமில்லை. ஏழில் ஒன்றை விட்டால் பார்வை முழுமையடைவதுமில்லை. ஏழு என்பது மங்கலம் கருதி வைத்த எண் அன்று, எண்ணிக் கண்ட எண்.

இரண்டாம் சான்று தமிழில் உள்ளது. யாப்பருங்கலக்காரிகை இயற்றிய அமிதசாகரரும் அதற்கு உரை வகுத்த குணசாகரரும் சமணச் சான்றோர். யாப்பில் அசை இரண்டே: நேர், நிரை. ஓரசைச்சீர் இரண்டு, ஈரசைச்சீர் நான்கு, மூவசைச்சீர் எட்டு, நாலசைச்சீர் பதினாறு என முப்பது சீர்கள் அமைகின்றன. அசை ஒன்று கூடுந்தோறும் எண்ணிக்கை இருமடங்காவதைக் காணலாம். நிரையை முன்னும் நேரைப் பின்னும் வைத்தால் புளிமா. நேரை முன்னும் நிரையைப் பின்னும் வைத்தால் கூவிளம். அசைகள் அவையே, வரிசை மாறியதும் சீர் மாறிவிட்டது. மாச்சீர் நின்ற இடத்தில் விளச்சீர் வந்தால் தளையும் மாறும். இங்கே வரிசையே பொருள்.

வரிசையையே தனித்து ஆராய்ந்த நூல் சுவேதாம்பர ஆகமங்களுள் ஒன்றான அனுயோகத்துவார சூத்திரம். பொருள்களை முதலிலிருந்து முறையாகச் சொல்வது பூர்வானுபூர்வி. இறுதியிலிருந்து திருப்பிச் சொல்வது பச்சானுபூர்வி. இவ்விரண்டும் அல்லாத பிற வரிசைகள் அனானுபூர்வி. ஆறு திரவியங்களுக்கு அனானுபூர்வி எத்தனை? ஒன்று முதல் ஆறு வரையுள்ள எண்களை ஒன்றோடொன்று பெருக்கி இரண்டைக் கழிக்க வேண்டும் என்பது அந்நூல் காட்டும் வழி. பெருக்கம் 720, நேர்வரிசையையும் தலைகீழ் வரிசையையும் நீக்கினால் 718. இன்று காரணியப் பெருக்கம் எனப்படுவது இதுவே.

சுவேதாம்பர இல்லங்கள் பலவற்றில் இக்கணக்கு வழிபாடாகவே வாழ்கிறது. அருகர், சித்தர், ஆசாரியர், உபாத்தியாயர், சாதுக்கள் என்னும் ஐவர்க்கும் உரிய வணக்கத் தொடர்களுக்கு 1 முதல் 5 வரை எண்ணிட்டு, அவ்வெண்களை இடம் மாற்றி அடுக்கிய ஆனுபூர்விச் சுவடியைப் பார்த்து ஓதுவர். ஐந்து பொருளுக்கு வரிசை 120. பக்கத்துக்கு ஆறு வரிசையாக இருபது பக்கங்களில் அவை அடங்கும். பழகிய வரிசையில் நா தானே ஓடும்; மனம் வேறெங்கோ திரியும். வரிசை மாறி வரும்போது அடுத்த எண்ணைக் காணாமல் ஓத முடியாது. மனத்தை ஒருமுகப்படுத்துவதற்கே இந்த ஏற்பாடு.

வரிசைக்கும் சேர்வுக்கும் உள்ள உறவைப் பொதுவிதியாகத் தெளிவுறக் கூறிய பழைய நூல்களுள் ஒன்று கணிதசாரசங்கிரகம். இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 850 அளவில், மகாவீராசாரியர் வடமொழியில் இயற்றிய நூல் அது. ஒன்று முதல் ஏறிச் செல்லும் எண்களை நேராக ஒரு வரிசையும் தலைகீழாக ஒரு வரிசையும் எழுதி, வேண்டிய அளவு எடுத்துக்கொண்டு, தலைகீழ் வரிசையின் பெருக்கத்தை நேர்வரிசையின் பெருக்கத்தால் வகுக்க வேண்டும் என்பது அவர் விதி.

அறுசுவையை அவர் எடுத்துக்காட்டாக வைக்கிறார். மூன்று சுவைகளைச் சேர்க்கும் வகை எத்தனை? முதற்சுவையை ஆறு வகையாகவும், இரண்டாவதை ஐந்து வகையாகவும், மூன்றாவதை நான்கு வகையாகவும் தேரலாம், பெருக்கம் 120. ஆனால் புளிப்பு, உப்பு, இனிப்பு என்று கலந்தாலும், இனிப்பு, புளிப்பு, உப்பு என்று கலந்தாலும் நாவுக்குச் சுவை ஒன்றே. மூன்று சுவைகள் 1×2×3 என ஆறு வரிசையில் நிற்கக்கூடும் ஆதலின், ஒரே கலவை ஆறு முறை எண்ணப்பட்டுள்ளது. 120ஐ 6ஆல் வகுத்தால் 20. வகுத்தல் எதற்கு என்னும் மாணவர் ஐயத்துக்கு விடை இதுதான். இவ்வாறே ஒன்று முதல் ஆறு சுவை வரை 6, 15, 20, 15, 6, 1 என வந்து மொத்தம் 63 ஆகும். சுசுருத சங்கிதையும் சுவைச் சேர்க்கை 63 என்றே கூறும். வைரம், நீலம், மரகதம், பவளம், முத்து ஆகிய ஐந்தால் கோக்கும் மாலையின் வகைகளையும் மகாவீராசாரியர் கேட்கிறார். அதன் விடை 31.

கணக்கு அறத்தோடு நேரே கைகோக்கும் இடம் கோம்மடசாரம். சிரவணபெளகுளத்தில் கோமடேசுவரர் திருவுருவை நிறுவிய சாமுண்டராயர் காலத்தவரான நேமிசந்திரர் அதன் ஆசிரியர். துறவியின் விழிப்பைக் குலைக்கும் பிரமாதங்களை, அதாவது சோர்வுகளை, அவர் பதினைந்தாகத் தொகுக்கிறார். வீண்பேச்சு நான்கு, வெகுளி முதலிய கஷாயங்கள் நான்கு, ஐம்பொறிகள், உறக்கம், பற்று என்பன அவை. ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒன்றை எடுத்துச் சேர்க்க 4×4×5×1×1 எனச் சோர்வின் வகை எண்பதாகிறது. எண்ணைச் சொன்னால் அவ்வகை எதுவெனக் காணவும், வகையைச் சொன்னால் அதன் எண்ணைக் காணவும் அவர் வழி தருகிறார். தன்னைத் தானே சோதிப்பவன் எந்தக் குற்றத்தையும் கண்டும் காணாமல் கடந்துவிடக் கூடாது என்பதற்கு எண்ணே காவலாக நிற்கிறது.

இந்நூல்கள் இன்று கிடைப்பதற்கு, ஏடெழுதி அளித்த சாத்திர தானம் ஒரு பெருங்காரணம். கணிதசாரசங்கிரகத்தை 11ஆம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் தெலுங்கில் ஆக்கினார். சென்னை மாநிலக் கல்லூரி வடமொழிப் பேராசிரியர் ரங்காசாரியர் அதன் படிகளை ஒப்பிட்டு, ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912இல் சென்னையில் அரசு அச்சகத்தின் வழி வெளிவரச் செய்தார். ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட நூல் அதன்பிறகே உலகக் கணித வரலாற்றில் உரிய இடம் பெற்றது. இடையில் ஒரு தலைமுறை ஏட்டைப் படியெடுக்காமல் விட்டிருந்தால் அறுசுவைக் கணக்கும் அதனோடு போயிருக்கும்.

இன்றைய இளையோர் இக்கணக்கைப் பள்ளியில் அயல்நாட்டு அறிஞர் பெயரோடு கற்கின்றனர். வீட்டில் ஆனுபூர்வியைக் கணக்கென்று அறியாமல் ஓதுகின்றனர். இரண்டையும் இணைத்துக் காட்டுவது பெரியோர் கடன். ஐந்து எண்களின் வரிசை 120 ஆவது ஏன் என்று பேரப்பிள்ளை கேட்கும்போது, சுவடியின் இருபது பக்கங்களையும் உடனிருந்து எண்ணிக் காட்டினால் போதும். ஏடு படியெடுத்த முன்னோரின் சாத்திர தானம் அவ்வகையில் தொடரும்.